இணையவழிப் பட்டமும் ஆசிரியப் பணியும்

(விருத்தாசலத்தில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலிருந்தவாறே பயின்று பெறும் பட்டம் ஆசிரியர் உத்தியோகத்திற்குச் செல்லுமா என நம் இளைஞர் பலர் வினவுகின்றனர். பகலெல்லாம் பீங்கான் சூளையில் உழைப்பவனுக்கு வேறு வழி யாது? ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடனாம்.

கல்லூரி புகாது கற்றல் தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. 1901-இல் பாண்டித்துரைத் தேவரவர்கள் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகள் நடத்திற்று. தேறினோர் தமிழாசிரியராயினர். இன்றைய சட்டமும் இதற்குப் பகையன்று. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தொலைநிலையாகவோ இணையவழியாகவோ பெற்ற பட்டம், நேரிற் பயின்ற பட்டத்திற்கு ஒப்பாகும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்னும் அடைமொழியையே நம்மவர் நோக்காது விடுகின்றனர்.

அதனால் விளையும் துன்பத்திற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-இல் தோன்றியது. 1979 முதல் தொலைநிலைக் கல்வி அளித்து வருவது. அத்தகைய பெருநிலையத்தின் தொலைநிலைப் படிப்புக்களுக்கும் 2014-15 கல்வியாண்டு வரையிலேயே அங்கீகாரம் உண்டென மானியக் குழு 2022 மார்ச்சில் எச்சரித்தது. பின்னர் அங்கீகாரம் மீண்டும் கிடைத்ததாயினும், இடையாண்டுகளிற் பணங்கட்டிப் பயின்றோர் உற்ற கலக்கம் சிறிதோ? நிலையத்தின் புகழ் வேறு, குறித்த படிப்பிற்குக் குறித்த ஆண்டில் உள்ள அங்கீகாரம் வேறு என்க.

மற்றொன்று. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையே தேறாது திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் நேரே பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏலாதெனத் தமிழ்நாட்டு அரசு 2009-இல் ஆணையிட்டது. முதுகலை முடித்தேன் என்பவனும் இங்கே தடுக்கி வீழ்வான்.

பட்டம் செல்லினும் பி.எட். தனியே வேண்டும். அதற்கு அதிகாரம் உடையது தேசிய ஆசிரியர் கல்விக் குழு. அதன் 2014-ஆம் ஆண்டு விதிகள் தொலைநிலை பி.எட். படிப்பை, முன்னரே ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கே உரியதாக்கின. பயிற்சியில்லா இளைஞனிடம், ‘வீட்டிலிருந்தே பி.எட்., வகுப்பிற்கு வரவேண்டா’ என்று தரகன் கூறுவானாயின், அவன் கல்வியை விற்பவனல்லன்; காகிதத்தை விற்பவனே. இதன்மேல் தகுதித் தேர்வும் உண்டு.

நம் சங்கக் கல்வி நிதி ஏழைப் பெற்றோர் ஈந்த காசு. விண்ணப்பிப்போர் சேரும் ஆண்டிற்குரிய மானியக் குழுப் பட்டியலில் அந்நிலையமும் அப்படிப்பும் உளவா எனக் காரியதரிசி பார்த்துக் குறிப்பெழுதிய பின்னரே பொருள் வழங்கப்பெறல் வேண்டும். பி.எட். ஆயின் ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரமும் நோக்கப்பெறல் வேண்டும். இதனை இக்கூட்டத்தில் தீர்மானமாக முன்மொழிகின்றேன்.