இருபத்தோரு எழுத்துக்கு இடம்: ஸ்பெக்ரம் என்ற வீட்டுக் கணினியின் கதை

(கல்முனையில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)

 

கணிதம் கற்பித்த ஓர் ஆசிரியரின் பெயரால் அமைந்த அறக்கட்டளை இது. மர்ஹூம் சேர் அவர்களுக்கு விடையைவிடச் செய்கை வழிதான் முக்கியம். விடை சரியாக இருந்தாலும் வழி காட்டாத கொப்பிக்குப் புள்ளி போடமாட்டார். அவர் நினைவாகப் பேச எதை எடுப்பது என்று யோசித்தபோது, தன் வேலையை ஒளிக்காமல் காட்டிய ஒரு கணினி ஞாபகத்துக்கு வந்தது. அதன் பெயர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ரம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த சின்கிளேயர் ரிசேர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23ஆம் திகதி அதை அறிமுகப்படுத்தியது.

அந்த ஆண்டை இந்தக் கரையில் உள்ள மூத்தவர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பீர்கள். 1982 பெப்ரவரி 15இல்தான் ரூபவாஹினித் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து சவூதி, குவைத், கட்டார், துபாய் என்று உழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த சாமான்களில் முதலிடம் கசட் ரெக்கோடருக்கு, அடுத்தது ரீவி. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் முன் மண்டபத்தில் துணி போர்த்தி வைத்திருந்த அந்த இரண்டு பொருட்களும் இருந்தால் போதும், கணினியின் பாதிச் செலவு முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டவர் அந்த நிறுவனத்தை நடத்திய சின்கிளேயர். திரை வேண்டுமா, வீட்டு ரீவி இருக்கிறது. நிரலைச் சேமிக்க வேண்டுமா, பாட்டுக் கேட்கும் ரெக்கோடர் இருக்கிறது. மிச்சமுள்ள சிறு கறுப்புப் பெட்டியை மட்டும் விற்றார்.

நான் இன்று சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் பெட்டியின் விலையைக் குறைப்பதற்காகச் செய்த சிக்கனங்களே, அதைத் தொட்ட பிள்ளைக்குக் கணினி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுத்தன.

கிளைவ் சின்கிளேயர் 1940இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகாதவர். சட்டைப்பைக்குள் அடங்கும் கல்குலேற்றரை 1972இல் விற்றுப் பெயர் எடுத்தவர். 1980இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ். 80 என்ற கணினி, பூட்டிய நிலையில் 99.95 பவுண், உதிரிகளாக வாங்கி நீங்களே பற்றவைத்தால் 79.95. அதன் நினைவகம் ஒரேயொரு கிலோபைட். அடுத்த ஆண்டு வந்த இசட்.எக்ஸ். 81இன் விலை 69.95க்கு இறங்கியது. முந்தியதில் இருபத்தொன்றாக இருந்த சில்லுகள் அதில் நான்காகச் சுருங்கின. அந்தக் கணினியைப் பொருத்தியது ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரிலிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலை. கைக்கடிகாரம் செய்து பழகிய கைகள்.

ஸ்பெக்ரம் 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண், 48 கிலோபைட்டோடு 175 பவுண். தன் கணினிக் கல்வித் திட்டத்துக்கென்று பி.பி.சி. தெரிந்தெடுத்த ஏகோர்ன் நிறுவனத்தின் கணினியில் ‘பி’ வகை அப்போது 399 பவுண். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 48 கிலோபைட் பெட்டியின் நினைவகத்தில் மேல் 32 கிலோபைட்டுக்குப் போட்ட சில்லுகள், உண்மையில் அதைப்போல் இரண்டு மடங்கு கொள்ளவேண்டியவை. பரிசோதனையில் ஒரு பாதி பழுது என்று கண்டு ஒதுக்கப்பட்டவை. நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினால் போதும் என்று அவற்றை மலிவாக வாங்கினார்கள். விசைப்பலகை என்று தனித்தனி விசைகள் கிடையாது, ஒரே இறப்பர் தகடு. அதன் தோற்றத்தை வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன். மின்சுற்றை அமைத்தவர் ரிச்சர்ட் அல்ட்வாசர். உள்ளிருந்த பேசிக் என்ற நிரல் மொழியையும் கூடவே வந்த கையேட்டையும் எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். கணித அறிஞர் எழுதிய கையேடு என்பதால்தானோ என்னவோ, அதில் மூடிமறைப்பு என்று எதுவும் கிடையாது. நினைவகத்தின் எந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுவரை அட்டவணை போட்டுத் தந்திருந்தார்.

கசட்டை எடுத்துக்கொள்வோம். நிரல் ஒன்றை உள்ளே வாங்கும்போது முதலில் நீண்ட ஒரே ஸ்வரத்தில் ஓர் ஊளை; பிறகு கரகரவென்ற சத்தம். ஊளையின்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமுமாகப் பட்டைகள் ஓடும். தரவு வரத்தொடங்கியதும் அவை நீலமும் மஞ்சளுமாக மாறும். பூச்சியத்துக்கு ஒரு துடிப்பு நீளம், ஒன்றுக்கு அதன் இரட்டிப்பு நீளம். கரகரப்பு முழுவதும் அவ்வளவுதான். செக்கனுக்குச் சுமார் 1,500 பிட் வீதம், பெரிய விளையாட்டு ஒன்று உள்ளே வர ஐந்து நிமிடம் பிடிக்கும். ரெக்கோடரின் சத்தம் கூடினாலும் குறைந்தாலும் பிழைச் செய்தி வந்துவிடும், முதலிலிருந்து ஓடவிட வேண்டியதுதான். தரவு என்பது கண்ணுக்குத் தெரியாத மாயப்பொருள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்ல முடியாது. காதால் கேட்டிருக்கிறான், கண்ணால் பார்த்திருக்கிறான், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கையாலும் சரிசெய்திருக்கிறான்.

மின்சாரம் கொடுத்தவுடன் அந்தப் பெட்டி என்ன காட்டும்? வெள்ளைத் திரை, ஒரு வரி உரிமைக் குறிப்பு. ஒரு விசையை அழுத்தினால் எழுதச் சொல்லிக் காத்திருக்கும் குறி. வேறெதுவும் இல்லை. முதல் கணத்திலேயே அது உங்களிடம் கட்டளை கேட்கிறது.

இனி எங்கள் எழுத்துக்கு வருகிறேன். எனக்கு மிக நெருக்கமான இடம் இதுதான், சற்று நேரம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ரமின் திரையில் ஒரு வரிக்கு 32 கட்டங்கள், மொத்தம் 24 வரிகள். ஒவ்வொரு கட்டமும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள். உள்ளிருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஆனால் பாவிப்பவர் தானே வரைந்துகொள்வதற்கென்று 21 எழுத்துகளுக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். எப்படி வரைவது என்று காட்டக் கையேடு எடுத்துக்கொண்ட உதாரணமே கிரேக்க எழுத்தான ‘பை’. கிரேக்கத்துக்கு முடியுமென்றால் தமிழுக்கும் முடியும்.

மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாவில் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்வதைப் போன்ற கணக்கு இது. எட்டு நிரல்களுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று பெறுமதி. புள்ளி விழும் நிரல்களின் பெறுமதிகளைக் கூட்டினால் அந்த வரிக்கு ஓர் எண். ஒரு எழுத்துக்கு எட்டு எண்கள்.

‘ப’ வரைவோம். மேல்வரி வெறுமை, எனவே 0. அடுத்த ஐந்து வரிகளிலும் இடக்கால் 64இல், வலக்கால் 2இல், கூட்டினால் 66. அடிக்கோடு இரண்டையும் இணைக்கிறது: 64, 32, 16, 8, 4, 2 எல்லாம் சேர்ந்து 126. கடைசி வரி மீண்டும் 0. ஆக ‘ப’ என்பது 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இப்போது ஒவ்வொரு 66இலிருந்தும் இரண்டைக் கழித்து 64 ஆக்குங்கள். வலக்கால் போய்விட்டது, ‘ட’ வந்துவிட்டது. இரண்டு என்ற எண் ஒரு எழுத்தின் கால் என்பதை இப்படிப் பார்த்த பிள்ளைக்குத் துவித எண்ணைப் பற்றி இன்னொரு பாடம் எதற்கு?

‘ண’ அப்படி இலகுவில் வராது. மூன்று சுழி; ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெற்றுப்புள்ளி வேண்டும். சுழிகள் அடுத்தடுத்துச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டாலும் ஏழு நிரல் முடிந்துவிடும். பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு நிரல். வலப்பக்கக் காலுக்கு இடமேது? அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தே ஆகவேண்டும். இடம் 21 என்பதும் பற்றாது. உகர, ஊகார வரிசைகளின் உயிர்மெய்களுக்கு மட்டுமே 36 வடிவங்கள். அதற்கும் கையேட்டில் வழி இருந்தது. ஆங்கில எழுத்துகளின் உருவங்கள் எங்கே கிடக்கின்றன என்பதைக் குறித்து வைத்திருக்கும் இலக்கங்கள் 23606, 23607. அங்கே வேறோர் இடத்தைக் குறித்துவிட்டால், 96 எழுத்துகளையும் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். செலவு 768 பைட். தமிழுக்கு என்று யாரும் செய்யாத ஒரு கணினிக்குள் தமிழ் நுழைய அவ்வளவு பெரிய வாசல் திறந்து கிடந்தது.

அதே காலத்தில் அரபு மொழிக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். எங்கள் உறவினர்கள் உழைத்த குவைத்தில் 1982இல் முஹம்மத் அல்-ஷாரிக் என்பவர் அல்-ஆலமிய்யா நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானில் 1983இல் அறிவித்த எம்.எஸ்.எக்ஸ். என்ற பொதுத் தரத்திலான வீட்டுக் கணினிகளை அரபு எழுத்தோடு ‘ஸக்ர்’ என்ற பெயரில் அரபு நாடுகளில் விற்றார். அவற்றின் மூளையும் ஸ்பெக்ரமில் இருந்த அதே இசட் 80 வகைதான். வலமிருந்து இடமாக ஓடி, சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப உருமாறும் எழுத்து, ரீவியில் பூட்டிய மலிவான பெட்டியிலேயே வந்தது. பணமும் அக்கறையும் ஒரே இடத்தில் கூடியதால் வந்தது. தமிழுக்கு அந்தக் காலத்தில் தனியாள்களின் உழைப்புத்தான் கைகொடுத்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது அப்படித்தான். யுனிகோட்டின் முதற்பதிப்பில் 1991இல் தமிழுக்கு நிலையான இடம் கிடைத்தது.

ஸ்பெக்ரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. இந்தியாவில் உரிமம் பெற்றுச் செய்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் உரிமம் இல்லாமலே செய்தார்கள். மின்வண்டி முயற்சி முதலானவற்றில் பணம் இழந்த சின்கிளேயர், 1986 ஏப்ரலில் கணினி வியாபாரத்தை ஐம்பது இலட்சம் பவுணுக்கு அம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் கொடுத்தார். 1992இல் உற்பத்தி நின்றது. அவர் 2021 செப்டெம்பரில் காலமானார். அவரைப் புகழ்ந்து மட்டும் பேச எனக்கு மனமில்லை. தபாலில் பணம் அனுப்பியவர்களைச் சொன்ன தவணை கடந்து காக்கவைத்த நிறுவனம் அது. இறப்பர் விசைகளில் நாலு வரி எழுதினாலே விரல் சலித்துவிடும். ஆனால் பழுதான சில்லின் நல்ல பாதியைக் கொண்டு ஒரு தலைமுறைக்கு நிரலெழுதப் பழக்கினார். அதை மறுக்க முடியாது.

போட்டியாளரான ஏகோர்னின் கதையும் எங்கள் கைக்குள் இருக்கிறது. அந்த நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும் 1985இல் உருவாக்கிய ஏ.ஆர்.எம். சில்லின் வழித்தோன்றல்தான் இந்த மண்டபத்தில் உள்ள கைத்தொலைபேசிகளுக்குள் ஓடுகிறது. ஸ்பெக்ரமைவிடப் பல்லாயிரம் மடங்கு நினைவகம் ஒரு கைத்தொலைபேசியில் உண்டு. ஆனால் திறந்தவுடன் கட்டளை கேட்பதில்லை. அடுத்த படத்தைக் காட்டுகிறது. பிள்ளைகளிடம் குறை காண்பது நியாயமில்லை. வழி காட்டாத கொப்பியை நாம்தான் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம்.

இதே கவலை கேம்பிரிட்ஜிலும் வந்தது. கணினி கற்க வரும் மாணவர்கள் முன்னைப்போல் நிரலெழுதிப் பழகி வருவதில்லை என்று கண்ட எபன் அப்டனும் நண்பர்களும் 2012 பெப்ரவரி 29இல் ராஸ்பெரி பை என்ற கணினியை 35 டொலருக்கு வெளியிட்டார்கள். அதையும் வீட்டு ரீவியில் பூட்டலாம். ஸ்பெக்ரமை அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதிலும் ஓடுகின்றன.

ஆகவே அறக்கட்டளை நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் தரும் பரிசுகளில் ஒன்றைக் கல்முனை வலயத்தின் எட்டாந்தர மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். கட்டம் போட்ட கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, பாடசாலைக்கு ராஸ்பெரி பை ஒன்று. முழுத் தமிழ் நெடுங்கணக்கையும் எட்டுக்கு எட்டில் வரைந்து, எண்ணாக்கி, திரையில் எழுதிக்காட்டும் பிள்ளைக்கு அந்தப் பரிசு. ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் எண்களை நான் சொல்லிவிட்டேன். ‘ண’வை எந்தப் பிள்ளையாவது ஒரே கட்டத்துக்குள் அடக்கிவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், பார்க்க வருகிறேன்.