தோலில் தோன்றும் வளையங்கள்



பூச்சி கடித்த பின் தோலில் சிவந்த வளையம் தோன்றினால், அதை 'வண்டுகடி' என்று சொல்லிவிடுவோர் நம்மில் உண்டு. பெயரே பழியைப் பூச்சியின்மேல் சுமத்திவிடுகிறது. ஆனால் வளையம் என்பது உருவமேயன்றி நோயின் பெயரன்று. ஒரே உருவில் வரும் நோய்களைப் பிரித்தறிவது எங்ஙனம்?

முதலில் காலத்தைக் கவனியுங்கள். கடித்த சில நிமிடங்களில் எழும்பி, அரித்து, ஒரு நாளைக்குள் மறையும் தடிப்பு ஒவ்வாமையால் வருவது.

நாள்தோறும் மெல்லப் படர்ந்து, நடுவே தெளிந்து, விளிம்பில் செதில் உதிர்ந்து, ஓயாமல் அரிப்பது பெரும்பாலும் படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது. பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மும்பை, கொல்கத்தா போன்ற புழுக்கம் மிகுந்த நகரங்களில் வியர்வையும் இறுக்கமான உடையும் இதை வளர்க்கும். கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சையோ அடங்காமல் பரவும்.

உண்ணி கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் அரிப்பின்றி அகன்றுகொண்டே போகும் வளையம் லைம் நோயின் குறி. அமெரிக்காவில் 1975-இல் கவனத்துக்கு வந்த இந்நோய் நம் நாட்டில் அரிது.

இங்கே அதனினும் அஞ்சத்தக்கது ஸ்க்ரப் டைபஸ். இமயமலைச் சாரலிலும், வடகிழக்கிலும், தமிழ்நாட்டிலும் இது உண்டு. புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய பூச்சி கடித்த இடம், நெருப்பால் சுட்டாற்போல் கருத்துப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் சிவந்திருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய மறைவிடங்களில் வலியின்றி இருப்பதால் அது கண்ணில் படாமற் போகலாம். சிலருக்குத் தோன்றாமலே இருப்பதும் உண்டு. ஏறத்தாழ 10 நாளில் கடுங்காய்ச்சல் வரும். உரிய மருந்தை உடனே தொடங்கினால் குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று: வளையத்துள் தொட்டால் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு மருத்துவரிடம் மொழி தடுமாறலாம். ஆகவே, வளையத்தின் விளிம்பைப் பேனாவால் வரைந்து தேதி குறியுங்கள். அது பரவுகிறதா என்பதை அக்கோடே காட்டும். எங்கே சென்றீர்கள், எத்தனை நாளாயிற்று, அரிப்பா, காய்ச்சலா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றே செல்லுங்கள். களிம்பைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும்.