ஒரு தோட்டாவும் ஒரு நண்பனும்



நகைச்சுவையைப் பற்றிப் பேசவேண்டும் என்று பணித்தார்கள். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஓர் அத்தியாயத்தை முன்னிறுத்திப் பேசலாம் என்றிருக்கிறேன். 1962 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய அரைமணி நேரக் கதை அது. சோர்ந்துபோன நண்பனுக்குத் தைரியம் கொடுப்பது எப்படி என்ற கேள்வியை அவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொண்ட கதைகள் குறைவு.

தொடரின் பெயர் ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’. 1960 அக்டோபரில் தொடங்கி 1968 ஏப்ரல் வரை 249 அத்தியாயங்கள் வந்தன. கதை நடப்பது வட கரோலினாவில் மேபெரி என்ற கற்பனைச் சிற்றூரில். ஷெரிஃப் ஆண்டி டெய்லராக ஆண்டி கிரிஃபித் நடித்தார். அவருடைய துணை அதிகாரி பார்னி ஃபைஃபாக டான் நாட்ஸ் நடித்தார். பார்னி ஒடிசலான ஆள், எளிதில் பதறிவிடுவார், வாய்ப்பேச்சில் மட்டும் வீரர். இடுப்பில் துப்பாக்கி இருக்கும், அதில் தோட்டா இருக்காது. கைதவறிச் சுட்டுவிடும் பழக்கம் அவருக்கு உண்டு என்பதால், ஒரே ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மட்டும் ஆண்டி அனுமதித்திருக்கிறார். துப்பாக்கியை ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தால் பார்னி அன்றைக்கே குன்றிப்போயிருப்பார். முழுக்க நிரப்பிக் கொடுத்திருந்தால் யார் காலிலாவது குண்டு பாய்ந்திருக்கும். ஒரு மனிதனின் மானத்தையும் ஊரின் பாதுகாப்பையும் சேர்த்து யோசித்து எடுத்த முடிவு அந்த ஒற்றைத் தோட்டா.

நான் சொல்லவந்த அத்தியாயத்தில், விற்கக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திக் காய்கறி விற்கிறார்கள் இரண்டு முரட்டு விவசாயிகள். பார்னி போய்க் கிளம்பச் சொல்கிறார். அவர்கள் சிரித்து, மிரட்டி, அவரை விரட்டிவிடுகிறார்கள். விஷயம் ஆண்டிக்கு எட்டுகிறது. தானே போய் அவர்களை அப்புறப்படுத்த அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அப்படிச் செய்தால் பார்னிக்கு என்ன மிஞ்சும்? ஆகவே ஆண்டி அவர்களிடம் பேச்சுவாக்கில் ஒரு கதையைக் கட்டிவிடுகிறார்: நீங்கள் பார்த்த அந்த ஒல்லி ஆள் பொல்லாதவன், கோபம் வந்தால் என்ன செய்வான் என்றே தெரியாது. பார்னி மறுபடி போனதும் இருவரும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்னிக்கு நெஞ்சு நிமிர்கிறது, நடையே மாறிவிடுகிறது.

சாதாரணத் தொடராக இருந்தால் இங்கேயே முடித்திருப்பார்கள். இதில் பொய் வெளுக்கிறது. விவசாயிகளுக்கு உண்மை தெரிந்து, பார்னியை நேருக்கு நேர் வரச்சொல்லிச் சவால் விடுகிறார்கள். தன் வெற்றி நண்பன் போட்ட பிச்சை என்று பார்னிக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் நாட்ஸின் முகத்தைப் பார்க்கவேண்டும். வழக்கமான துள்ளலும் கண் உருட்டலும் எதுவும் இல்லை. போகாமல் இருக்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. இருந்தும் போகிறார். நீங்கள் இருவரும் என்னைவிடப் பெரியவர்கள்தான், ஆனால் இந்தச் சட்டையில் குத்தியிருக்கும் சின்னம் ஊர் மக்கள் எல்லோருக்காகவும் நிற்கிறது, அவர்கள் உங்களைவிடப் பெரியவர்கள் என்ற பொருளில் பேசுகிறார். குரல் நடுங்குகிறது, கால் நகரவில்லை. அவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஆண்டி கொடுத்தது கடன் வாங்கிய தைரியம். அது பறிபோன பிறகுதான் பார்னியின் சொந்தத் தைரியம் வெளியே வருகிறது. அதற்காகக் கடன் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை நிமிர்ந்து நடந்து பார்த்த உடம்புக்கு அந்த நடை மறக்காது.

இதே தொடரில் வேறு இரண்டு அத்தியாயங்கள் இந்தக் கேள்வியைத் தொடுகின்றன. 1961இல் வந்த ஒன்றில், ஆண்டி ஊரில் இல்லாத நேரத்தில் பார்னி, ஆண்டியின் அத்தை பீ, மேயர் உட்பட ஊரையே பிடித்து உள்ளே போட்டுவிடுகிறார். ஆண்டி வந்து எல்லோரையும் விடுவிக்க, ஊர் பார்னியைப் பார்த்துச் சிரிக்கிறது. பார்னிக்கு வேலை போகப்போகிறது என்று ஆண்டி செய்தி பரப்ப, மனம் பொறுக்காத மக்கள் தாங்களாகவே சிறைக்குத் திரும்பி வருகிறார்கள். சிரித்தவர்களையே கைகொடுக்கவும் வைத்தது நல்ல கற்பனை. 1962 பிப்ரவரியில் வந்த பாடகர் குழு அத்தியாயம் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ராகமே வராத பார்னியிடம், இந்த ஒலிவாங்கிக்கு நீ மெல்ல முணுமுணுத்தாலே போதும் என்கிறார்கள். அது இயங்காத ஒலிவாங்கி. திரைக்குப் பின்னால் வேறொருவர் பாட, அது தன் குரல்தான் என்று பார்னி பூரித்துப்போகிறார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனால் அங்கே நண்பன் காப்பாற்றப்படுகிறானே தவிர வளரவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. இந்தத் தொடருக்கு வித்திட்ட முன்னோட்ட அத்தியாயம் ஒளிபரப்பானது 1960 பிப்ரவரியில். அதே மாதம் முதல் தேதி, அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், கறுப்பின மாணவர்கள் நால்வர் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவு மேடை முன் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள். மேபெரிக்குள் அந்தச் சத்தம் எட்டவே இல்லை. கறுப்பினத்தவர் ஒருவருக்கு முக்கியமான பேசும் பாத்திரம் கிடைக்க 1967 வரை ஆனது. ஊர் மக்கள் எல்லோருக்காகவும் நிற்கும் சின்னம் என்று பார்னி சொல்லும்போது, அந்த ‘எல்லோரும்’ யார் என்று நாம் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பேச்சை நேசிப்பதால்தான் கேட்கிறேன்.

நண்பனைத் தூக்கிநிறுத்தும் கதை திரைக்கு வெளியேயும் நடந்தது. கிரிஃபித்தும் நாட்ஸும் 1955இல் பிராட்வேயில் ‘நோ டைம் ஃபார் சார்ஜன்ட்ஸ்’ நாடகத்தில் ஒன்றாக நடித்தவர்கள். தொடர் கிரிஃபித்தின் பெயரில் இருந்தது, சிரிப்பை வரவழைப்பதும் அவர் வேலையாக இருக்கவேண்டும் என்றே தொடங்கினார்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே, சிரிப்பு நாட்ஸுக்குத்தான் உரியது, நான் சிரிப்பு மூட்டாத துணையாக நின்று அவருக்கு எடுத்துக்கொடுக்கவேண்டும் என்று கிரிஃபித் முடிவுசெய்துவிட்டார். பார்னி பாத்திரத்துக்காக நாட்ஸ் 5 எம்மி விருதுகள் வாங்கினார். கடைசி இரண்டும், 1965இல் தொடரை விட்டு விலகிய பிறகு விருந்தினராகத் திரும்பிவந்து நடித்ததற்கு. கிரிஃபித்தின் பெயர் இந்தத் தொடருக்காக ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை.

மறுபடி தொடருக்கு வருகிறேன்: 1963இல் வந்த ஒரு காட்சி. பள்ளியில் படித்த அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரை இன்னும் மனப்பாடம் என்று பார்னி பெருமையடிக்கிறார். ஆண்டி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக எடுத்துக்கொடுக்கிறார். உதட்டை மட்டும் அசைத்துக் காட்டுகிறார், முதல் எழுத்தைச் சொல்லி நிறுத்துகிறார், முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லாமல் காத்திருக்கிறார். பார்னி திணறி, கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக் கரை சேர்கிறார். முழுவதும் தானே ஒப்பித்ததாக அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆண்டி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.