பழைய ஜீப் வண்டியின் தட்டொலி

ஆண்டுகள் பல உழைத்த மோட்டார் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது 'டொக், டொக்' என்று ஒலி எழுப்புவதில் வியப்பில்லை. அவ்வொலியைச் செவிகொடுத்துக் கேளாமலே பணத்தைச் செலவிடத் துணிவதுதான் இரங்கத்தக்கது. இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வண்டியையே பேணிக் காக்கவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

அத்தகைய வண்டிகளுள் 2001 முதல் 2006 வரை உற்பத்தியான இரண்டாந் தலைமுறை ஹொண்டா சீ.ஆர்.வி.யை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பேச்சுவழக்கில் இதனையும் 'ஜீப்' என்றே சொல்வர். இதன் முற்சில்லுகள், ஏர்ல் மக்பேர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த அமைப்பினால் தாங்கப்படுகின்றன. 1950 இல் வெளிவந்த போர்ட் கொன்சல் காரிலும் இவ்வமைப்பே இருந்தது. சுருள்வில்லும் சொக் அப்சோபரும் ஒன்றாய் இணைந்து நிமிர்ந்து நிற்கும். கீழே சில்லைப் பற்றிக்கொள்ளும் ஒரு கை; அக்கையின் உட்புறத்தில் இறப்பர் புஷ்கள், வெளிமுனையில் போல் ஜொயின்ற். வளைவுகளில் வண்டி சரியாதிருக்கும் பொருட்டு இருபக்கத்தையும் ஒரு முறுக்குக் கம்பி குறுக்கே இணைக்கிறது. அக்கம்பியின் நுனியைச் சில்லுத் தொகுதியோடு தொடுக்கும் சிறு கோலையே உதிரிப்பாகக் கடைகளில் 'ஸ்ரெபிலைசர் லிங்க்' என்பர். விலையில் மிகச் சிறியது. ஆயினும் முன்புறத் தட்டொலிகளுக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது அதுவே.

தட்டொலி கேட்டவுடன், "சொக் அப்சோபர் நான்கையும் மாற்றிவிடுங்கள்" என்னும் ஆலோசனை கராச் வாசலிலே எளிதிற் கிடைக்கும். பெருந்தொகை செலவாகும், லிங்க் தேய்ந்திருந்தால் ஒலி அப்படியே இருக்கும். ஆகவே சோதனையை முதலில் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவது நலம். இவ்வண்டியின் பின்தளத்துப் பலகை கழற்றி விரிக்கத்தக்க ஒரு மேசையாகும். மேலதிகச் சில்லு பின்கதவிலே தொங்குகிறது. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், ஜக் தன் இடத்தில் இறுகாதிருந்தாலும், சில்லின் அடியிலிருந்தே ஓசை வருவதுபோலத் தோன்றும். காதை ஏமாற்றுவதில் இரும்புக்கு நிகரில்லை.

அதன்பின் பாதையே பரிசோதனைக் கூடம். வேகத்தடையின் மேல் இரு முற்சில்லுகளும் ஒருசேர ஏறும்போது முறுக்குக் கம்பி முறுகுவதில்லை. லிங்க் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கம்பி முறுகும். அப்போது தட்டொலி எழுந்தால் ஐயம் லிங்கின் மேல் விழவேண்டும். கயிற்றுக் கட்டில் முனகுவதுபோல மெதுவாக எழும் ஒலி உலர்ந்த இறப்பர் புஷ்களைச் சுட்டும். அவற்றின்மேல் ஒவ்வொன்றாக நீர் தெளித்துப் பார்த்தால், முனகல் சற்றே அடங்கும் இடம் புலப்படும். எண்ணெய் தடவுதல் ஆகாது. சாதாரண எண்ணெய் இறப்பரைக் கெடுத்துவிடும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது வில் துள்ளுவதுபோன்ற ஓசை கேட்டால், சொக் அப்சோபரின் மேல்முனைத் தாங்கியைப் பார்க்கவேண்டும்.

அலட்சியம் செய்யக்கூடாத பாகம் போல் ஜொயின்ற். அது முற்றாகக் கழன்றால் சில்லு சாய்ந்து, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும். உள்ளே பிள்ளைகள் இருப்பார்கள். சமதரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்கு அடைகொடுத்து, முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்தியபின்பே சோதிக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே புகுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். தொங்கும் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க மீண்டும் அசைத்துப் பார்ப்பர். ஆட்டம் மறைந்தால் ஐயம் சில்லின் பெயாரிங்கிற்குரியது; மறையாவிட்டால் போல் ஜொயின்றை நெம்புகோலிட்டு ஆராயவேண்டும். அதில் தளர்ச்சி உறுதியானால், மாற்றும்வரை வண்டியை ஓட்டாதிருப்பதே அறிவு.

லிங்க் மாற்றுவது கடினமன்று. இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்றுவது வழக்கம். முன்புறம் முழுவதையும் உயர்த்திவைத்தால் கம்பி முறுகி நிற்காது. இறப்பர் புஷ்களை மாற்றுவதிலோ நல்ல மெக்கானிக்குகளும் சிலவேளை அவசரப்படுகின்றனர். சில்லு தொங்கும் நிலையிலேயே கையின் ஆணிகளை முழுதும் இறுக்கிவிட்டால், வண்டி தரையிலே இறங்கியதும் புஷ்ஷின் இறப்பர் முறுகியே நிற்கும். புதியதும் விரைவிற் கிழியும். சில்லுகள் வண்டியின் பாரத்தைத் தாங்கி இயல்பான உயரத்தில் நிற்கும்போதே இறுதி இறுக்கம் கொடுக்கவேண்டும். சுருள்வில்லைக் கழற்றும் வேலையை, அதற்குரிய அமுக்கி இல்லாத எவரும் தொடலாகாது. சொக் அப்சோபரோ கீழ்க்கையோ மாற்றப்பட்டால், ரயர் தேயாதிருக்கச் சில்லுகளின் நேர்மையும் அளந்து சீர்செய்யப்படவேண்டும்.

வேலை முடிந்தபின், முன்னர் ஒலி கேட்ட அதே பாதையில், அதே வேகத்தில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது முறை. முன்புறம் அடங்கியதும் பின்புறத்திலிருந்து மெல்லிய தட்டொலி ஒன்று கேட்கக்கூடும். அது புதிதாய்ப் பிறந்ததாயிராது. பின்சில்லுகளின் நீள்கையிலுள்ள புஷ் தேய்ந்து, முன்புற ஓசையினுள் இதுவரை மறைந்திருந்ததாகலாம்.