கணக்கு நோட்டு யார் கையில்?

(ஆஸ்கார் மிஷோவின் படத்தைத் திரையிட்ட பின் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் இப்போது பார்த்த படத்தில் பேச்சு இல்லை, பாட்டு இல்லை. பின் வரிசையில் நாலைந்து பேர் தூங்கிவிட்டதை நானும் கவனித்தேன். பரவாயில்லை, காலையில இருந்து வேலை பார்த்துட்டு வந்தவங்க. ஆனால் ஒரு காட்சியை மட்டும் ஞாபகப்படுத்த விரும்புகிறேன். ஜாஸ்பர் லாண்ட்ரி என்கிற கறுப்பின விவசாயி வாரத்துக்கு உழுகிறவர். அவர் வளர்த்த பெண் சில்வியா படித்தவள். வரவு என்ன, கடன் என்ன என்று அவள்தான் நோட்டுல எழுதி வைக்கிறாள். அந்தக் கணக்கைத் தீர்க்க லாண்ட்ரி பண்ணையாரிடம் போகிறார். வாக்குவாதம் நடக்கிறது. அந்த நேரம் பார்த்து வெளியே இருந்து வேறொரு வெள்ளைக்காரன் பண்ணையாரைச் சுடுகிறான். பழி லாண்ட்ரி மேல் விழுகிறது. வெள்ளைக் கும்பல் அவரையும் அவர் மனைவியையும் தூக்கிலிட்டு எரிக்கிறது.

துப்பாக்கி ஒரு சாக்குதான். கறுப்பன் வீட்டில் கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் அங்கே குற்றம்.

எங்க தாத்தாவும் வாரத்துக்கு உழுதவர்தான். களத்துல கணக்கப்பிள்ளை சொல்ற எண்ணிக்கைதான் எண்ணிக்கை. மூணாங் கிளாஸ் படித்த எங்க அம்மா ஒரு வருஷம் சிலேட்டில் கோடு போட்டு மூட்டைகளை எண்ணியிருக்கிறார். அடுத்த வருஷம் நிலம் வேறொருத்தருக்குப் போய்விட்டது. இதை அம்மா சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஒரு கறுப்பர் எடுத்து 1920ல் வெளிவந்த படத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிலேட்டு எனக்கு விளங்கியது.

'வித்தின் அவர் கேட்ஸ்' என்கிற இந்தப் படத்தை எழுதி, இயக்கி, தயாரித்தவர் ஆஸ்கார் மிஷோ. 1884ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர். மகன் சிகாகோவில் ஷூ பாலிஷ் போட்டார், புல்மேன் ரயில் பெட்டிகளில் போர்ட்டராக இருந்தார். சேர்த்த காசை வைத்துத் தெற்கு டகோடாவில் நிலம் வாங்கி, சுற்றிலும் வெள்ளையர்களே இருந்த இடத்தில் உழுதார். அந்த நிலம் லக்கோட்டா பழங்குடிகளிடமிருந்து எடுத்து அரசு பங்கு போட்டுக் கொடுத்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஒடுக்கப்பட்டவனின் நிலமும் இன்னொரு ஒடுக்கப்பட்டவனின் இழப்பிலிருந்து வரலாம். கடைசியில் வறட்சியிலும் கடனிலும் அந்த நிலமும் அவர் கையை விட்டுப் போனது. வாழ்ந்ததை நாவலாக்கி 1913ல் வெளியிட்டார். அதையே விரித்து 1917ல் 'தி ஹோம்ஸ்டெடர்' எழுதினார். புத்தகத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்த் தானே விற்றார்.

1918ல் ஒரு படக் கம்பெனி அந்த நாவலைக் கேட்டு வந்தது. லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி. அது வெள்ளையர் கம்பெனி அல்ல, கறுப்பர்களே நடத்தியது. மிஷோ ஒரு நிபந்தனை வைத்தார்: படத்தை நான்தான் எடுப்பேன். அதுவரை அவர் கேமராவைத் தொட்டதில்லை. பேச்சு முறிந்தது. மிஷோ சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, தன் புத்தகத்தை வாங்கிய விவசாயிகளிடமே போய்ப் பங்கு விற்றார். வாங்கியவர்களில் பலர் வெள்ளையர்கள். 1919ல் சிகாகோவில் படம் வெளியானது. கறுப்பர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். இருபத்து மூணு வயசுல சென்னைக்கு வந்து ஒரு இயக்குநரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். எங்க ஊர் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையைக் கதையாகச் சொன்னேன். கேட்டுட்டு அவர் கண் கலங்கினார். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நான் அதைப் படிக்கவில்லை. படம் வந்தது. பாதையைத் திறந்து விடுகிறவர் பெரிய வீட்டு மகன். எங்க சனங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு ஓரமா நிக்கறாங்க. பதினோரு நாள் மறியல் செய்த எங்க சித்தி படத்துலயே இல்லை. தியேட்டரில் எங்க அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐயாயிரத்தை நான் செலவு செய்துவிட்டிருந்தேன்.

மிஷோ 'மாட்டேன்' என்று சொன்னதன் கனம் எனக்குத் தெரிவது அதனால்தான். கதையைக் கொடுத்துவிட்டுக் கேமராவையும் கணக்கையும் விட்டுவிட்டால், நம் வலியே நமக்கு எதிரான பிம்பமாகத் திரும்பி வரும்.

எதை எதிர்த்து அவர் படம் எடுத்தார் என்று பாருங்கள். 1915ல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. கறுப்பர்கள் வெள்ளைப் பெண்களைத் துரத்தும் காமுகர்கள், கு குளுக்ஸ் கிளான் அவர்களைக் காப்பாற்ற வரும் வீரர்கள் என்றது அந்தப் படம். ஜனாதிபதி வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். செத்துப் போயிருந்த கிளான் அதே ஆண்டில் மறுபடி எழுந்தது. ஒரு கதையாடல் எத்தனை கயிறுகளைத் திரிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிரிஃபித் இரண்டு நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிக் காட்டினார்: ஒரு பக்கம் ஆபத்தில் வெள்ளைப் பெண், இன்னொரு பக்கம் குதிரையில் வரும் கிளான். மிஷோ அதே உத்தியை எடுத்துத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் லாண்ட்ரி குடும்பம் தூக்கில், மறு பக்கம் பண்ணையாரின் தம்பி சில்வியாவைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். குதிரையில் யாரும் காப்பாற்ற வரவில்லை. அவள் மார்பில் இருக்கும் தழும்பைப் பார்த்ததும்தான் அவள் தன் மகள் என்று அவனுக்குத் தெரிகிறது. கற்பைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கொலை செய்தவர்கள் கறுப்புப் பெண்களுக்குச் செய்தது என்ன என்பதை இந்த ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்.

இதைத் திரையிட விட்டார்களா? 1919 கோடையில் சிகாகோவில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர்கள். படம் மறுபடி கலவரத்தை மூட்டும் என்று தணிக்கைக்காரர்கள் முதலில் மறுத்தார்கள். பயந்து எதிர்த்தவர்களில் கறுப்பினப் பெரியவர்களும் இருந்தார்கள். கொன்றவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கொலையைக் காட்டியவனைத்தான் 'பகையைத் தூண்டாதே' என்றார்கள். இந்தச் சொல் நமக்கும் புதிதல்ல.

மிஷோ தன் சனங்களையும் விடவில்லை. வெள்ளையர் முன் பல்லிளித்துவிட்டுத் தனியே வந்து தன்னையே நொந்துகொள்ளும் பாதிரி ஒருவர் இதே படத்தில் வருகிறார். 1925ல் பால் ராப்சனை முதன்முதலாகத் திரைக்குக் கொண்டுவந்த 'பாடி அண்ட் சோல்' படத்திலும் மோசடிப் பாதிரிதான் மையம்.

தோழர்கள் கேட்பீர்கள், பணத்துக்கு என்ன செய்தார் என்று. தியேட்டர்காரர்களிடம் நேரில் போய் அடுத்த படத்துக்கு முன்பணம் கேட்டார். பிரிண்டைத் தானே ஊர் ஊராகக் கொண்டு போனார். தெரிந்தவர் வீடுகளில் படம் பிடித்தார். ஒரே டேக்கில் முடித்தார், பிசிறு இருந்தால் இருக்கட்டும் என்று. இப்படி 1919லிருந்து 1948 வரை நாற்பதுக்கும் மேல் எடுத்தார்.

அவரை நாம் சாமியாக்க வேண்டாம். 1928ல் திவாலானார். 1931ல் 'தி எக்ஸைல்' என்ற பேசும் படத்தை வெள்ளையரின் பணத்தில்தான் எடுத்தார். 1938ல் வந்த 'காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்' கறுப்பர்களுக்குள்ளேயே வெளுத்த நிறத்தை உயர்த்துகிறது என்று நியூயார்க்கில் மறியல் நடந்தது, படத்தைத் தூக்கினார்கள். மறியல் செய்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கேமரா நம் கையில் இருந்தாலும் எதிரியின் அளவுகோல் நம் கண்ணுக்குள் இருக்கலாம். கடைசிப் படம் தோற்றது. 1951ல் இறந்தார்.

பிறகு இன்னொரு சாவு. எடுத்த படங்களில் பெரும்பாலானவை அழிந்தன. பாதுகாக்க யாருக்கும் அக்கறை இல்லை. இன்று நாம் பார்த்த படத்தின் ஒரே பிரிதி ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கிடந்தது. எழுத்து அட்டைகள்கூட ஸ்பானிய மொழியில். அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, 1993ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மீட்டது. 2010ல் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தபால்தலை கிடைத்தது, தொலைந்த படங்கள் கிடைக்கவில்லை.

1972ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். கோபத்தையும் எடுத்தோம். மிஷோவிடமிருந்து இன்னும் சில சாதாரண விஷயங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைப் படியுங்கள். படத்துக்குப் பத்துப் பத்து ரூபாயாகச் சேர்த்தாலும் கொடுத்தவர் பெயரை நோட்டில் எழுதுங்கள், வரவு செலவை அவர்கள் முன் படியுங்கள். எடுத்ததை மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கு ஒரு போன் இருந்தால் படம் பிடிக்கலாம், ஆனால் அந்தப் போன் தொலைந்தால் ஒரு சேரியின் சாட்சியம் தொலைந்தது என்று அர்த்தம்.

சுடுகாட்டுப் பாதைக் கதையை நான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சித்தியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறேன். தப்பாக எழுதினால் திட்டுகிறார்.

இனி நீங்கள் கேளுங்கள். தூங்கினவங்களும் கேக்கலாம்.