முதலிட நாட்டுக்குள் வந்த பணம்



பணச்சலவை பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு நீங்கள் அனுப்பிய கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே சூத்திரம்: ஆட்சி கெட்ட நாட்டில் பணச்சலவை மிகும், சீரான நாட்டில் குறையும். நடுவே, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட ஹாஃப்ஸ்டெட் வகுத்த அளவைகளைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. டான்ஸ்கே வங்கியின் கதை ஒன்றே அதற்குப் போதும்.

டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கி அது. 2007இல் பின்லாந்தின் சாம்போ வங்கியை வாங்கியபோது எஸ்தோனியாவில் இருந்த அதன் துணை வங்கியும் கூடவே வந்தது. அங்கே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென ஒரு தனிப் பிரிவு. ரஷ்யாவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் பணம் வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தப் பரிமாற்றங்கள் ஐயத்துக்குரியவை என்று ரஷ்ய மத்திய வங்கியே அந்த ஆண்டு டென்மார்க்கின் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதியது. அப்போது டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் டென்மார்க் முதலிடத்தைப் பகிர்ந்திருந்தது. ரஷ்யா 140ஆவது இடத்துக்கும் கீழே கிடந்தது. கீழே கிடந்த நாடு எச்சரித்தது, மேலே இருந்த நாட்டின் காதில் ஏறவில்லை. 2015 வரை அந்தப் பிரிவின் வழியே ஏறத்தாழ 20,000 கோடி யூரோ ஓடியது. அவ்வளவும் கறுப்புப் பணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெரும்பகுதி ஐயத்துக்குரியது என்பதை 2018இல் வெளியான விசாரணை அறிக்கை மறைக்கவில்லை.

ஆட்சிமுறையின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிபவை. செலவுக்கு அஞ்சி அந்தக் கிளையின் கணினி அமைப்பைத் தலைமையகத்தோடு இணைக்காமல் விட்டார்கள். ஆவணங்கள் பல எஸ்தோனிய, ரஷ்ய மொழிகளில் இருந்தன. துணை வங்கி 2008இல் கிளையாக மாறியபின், கண்காணிப்பு யார் பொறுப்பு என்பதில் இரு நாட்டு அமைப்புகளும் ஒன்றையொன்று கைகாட்டின.

பண்பாட்டின் வேலை இதைவிட நுட்பமானது. மேலதிகாரியிடம் மனத்தில் பட்டதைச் சொல்லத் தயங்காத சமூகம் என்று ஹாஃப்ஸ்டெடின் அளவையில் டென்மார்க்குக்குப் பெயர். எஸ்தோனியக் கிளையில் பணியாற்றிய பிரிட்டிஷ்காரர் ஹோவர்ட் வில்கின்சன் சொல்லித்தான் பார்த்தார். பிரிட்டனில் பதிவான ஒரு நிறுவனம் அங்கே செயலற்றதாகக் கணக்குக் காட்டிவிட்டு, இந்தக் கிளையில் பெருந்தொகையைப் புழங்கவிடுகிறது என்று 2013 டிசம்பரில் தலைமையகத்துக்கு எழுதினார். மறு ஆண்டே அவர் வேலையை விட்டுப் போனார். வங்கியின் தலைமை நிர்வாகி பதவி விலகியது 2018இல்தான்.

என் கட்சி இது: பணத்தை வெளுப்பவன் ஊழல் மலிந்த நாட்டைத் தேடி அலைவதில்லை, அங்கிருந்துதான் கிளம்புகிறான். அவனுக்கு வேண்டியது நல்ல பெயர். டென்மார்க் வங்கியின் முத்திரை இருந்ததால்தான் அந்தப் பணத்தின் டாலர் பரிமாற்றங்களை அமெரிக்க வங்கிகள் நடத்திக் கொடுத்தன. அவற்றை ஏமாற்றியதாக 2022இல் டான்ஸ்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 200 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தூய்மைப் பட்டியலில் முதலிடம் என்பதே ஓர் ஆபத்துக் காரணி என்று உங்கள் சமன்பாட்டில் எழுதிப் பாருங்கள்.

வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் நம் உண்டியல் முறை இதற்கு நேர் எதிரானது. அனுப்புகிறவர் முத்திரையை நம்புவதில்லை, உறவையும் ஊரையும் நம்புகிறார். அதில் போகிறதில் நிறைய கூலிப் பணம். அதை முதல் வரியிலேயே குற்றப் பட்டியலில் சேர்த்துவிடாமல், யார் யாரை எதனால் நம்புகிறார்கள் என்று களத்தில் கேட்டு வந்திருப்பவர்களுக்கு, இந்த அமர்வின் தலைவர் என்ற உரிமையில் பத்து நிமிடம் கூடுதலாகத் தருகிறேன். மற்றவர்கள் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.