மணமுறிவின்போது பொருளும் ஓர் அமானிதம்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய பெற்றோர்களே! இல்வாழ்வின் வாசலில் நிற்கும் இளைஞர்களே, யுவதிகளே!

தலாக்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். எத்தனை தடவை சொன்னான், இத்தா எத்தனை நாள் என்றெல்லாம் கேட்கின்றோம். ஆனால், பிரிந்த பின்னர் வீடு யாருக்கு, நகை யாருக்கு, கொடுத்த பணம் யாருக்கு என்ற கேள்வியை மிம்பரில் நாம் தொடுவது அரிது. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக் கொள்வதோ இந்தக் கேள்வியினால்தான். எனவே இன்றைய உரையில் அதனையே எடுத்துக் கொள்கின்றேன்.

மௌலவிப் பட்டம் பெற்று வந்த புதிதில் நான் குத்பா ஓதிய ஒரு நிகாஹ் உண்டு. பெண்ணின் தந்தை 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடையோடு புத்தளம் போனவர். அங்கே உப்பளத்தில் கூலி வேலை செய்து, மகளுக்காகப் பன்னிரண்டு பவுண் நகை சேர்த்திருந்தார். திருமணத்தின் பின் தம்பதியர் முல்லைத்தீவு மாவட்டத்திற்கு வந்து, மாப்பிள்ளையின் தந்தையுடைய காணியில் வீடு கட்டினார்கள். அத்திவாரத்திற்கு ஒரு சோடிக் காப்பு அடகு போனது. கூரைக்கு மாலை போனது. எதுவும் மீளவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சகோதரி தாய் வீடு திரும்பினார்.

ஒரு நாள் அவர் என்னைத் தேடி வந்தார். "மௌலவி, அந்தச் சுவரைக் காட்டி இது என்னுடைய காப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?" என்று கேட்டார். அவரிடம் இருந்தது திருமணப் பதிவின் பிரதி ஒன்று மட்டுமே. அதில் மஹர் ஐயாயிரத்து ஒரு ரூபாய் என்றிருந்தது. அந்தத் தொகையைச் சபையில் வாசித்தவன் நான். நகையைப் பற்றி நானும் கேட்கவில்லை, சபையில் எவரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கி விட்டது என்ற அவசரமே எங்களுக்கு இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சகோதரர்களே! ஷரீஅத் இதில் மௌனமாக இருக்கவில்லை. ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தருகின்றது. நிகாஹ் நடந்ததனால் மனைவியின் சொத்து கணவனுடையதாகி விடுவதில்லை. பெரும் பொற்குவியலையே கொடுத்திருந்தாலும், பிரியும்போது அதிலிருந்து எதனையும் திரும்ப எடுக்க வேண்டாம் என்று அதே அத்தியாயத்தின் 20ஆம் வசனம் கணவனை எச்சரிக்கின்றது. உறவு கொள்ளுமுன் தலாக் நிகழ்ந்தால், நிர்ணயித்த மஹரில் பாதி அவளுக்குரியது என்று அல்பகராவின் 237ஆம் வசனம் வரையறுக்கின்றது. தவணையாக வைத்த மஹர் கடனாகும். கணவன் மரணித்தால் வாரிசுகள் பங்கிடுவதற்கு முன்னர் அக்கடன் தீர்க்கப்பட வேண்டும்.

மனைவியே விலக விரும்பினால் குல்உ என்ற வழி உண்டு. ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, தான் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விலகிய சம்பவத்தை நாம் அறிவோம். ஆனால் மஹரைப் பறிப்பதற்காகவே மனைவியை நெருக்கி, அவள் வாயாலேயே விலகலைக் கேட்க வைப்பதை அந்நிஸாவின் 19ஆம் வசனம் தடுக்கின்றது. இன்று நம்மிடையே நடக்கும் பல 'குல்உ'கள் எந்த வகை என்பதை ஒவ்வொருவரும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டும்.

இனி நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். இலங்கை முஸ்லிம்களின் திருமண விடயங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மஹர், கைக்கூலி, மனைவி பிள்ளைகளின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு ஆகியவற்றைக் காதி நீதிமன்றத்தில் கோரலாம். தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். காதி விதித்த தாபரிப்பைக் கொடுக்க மறுப்பவரிடமிருந்து நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அதனை அறவிட முடியும்.

கைக்கூலி என்பது என்ன? மணமகளின் பயன்பாட்டிற்கென்று மணமகனிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளுமாகும். இதனைக் கவனியுங்கள். சட்டத்தின் பார்வையில் அது மாப்பிள்ளைக்குக் கிடைத்த பரிசு இல்லை. பெண்ணுக்குரியது, அவள் திருப்பிக் கேட்கக் கூடியது. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்குவதே மார்க்கத்திற்கு முரணானது. கொடுக்க வேண்டியவன் மணமகன் என்பதற்காகத்தானே மஹர் கடமையாக்கப்பட்டது! வாங்கியவர்களும் குறைந்தபட்சம் இதையாவது அறிந்து கொள்ளட்டும்.

ஆனால் வீடும் காணியும் கைக்கூலி என்ற சொல்லுக்குள் வருவதில்லை. அவற்றைப் பற்றிய பிணக்கிற்கு மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது உறுதி யார் பெயரில் என்பதுதான். அந்தச் சகோதரி மாட்டிக் கொண்ட இடம் இதுவே. காணி மாமனாரின் பெயரில். நகை சுவருக்குள்.

வற்றாப்பளையில் அயலவரான ஒரு தமிழ்ப் பெரியவரிடம், பெயர் ஊர் சொல்லாமல், இவ்விடயத்தைப் பேச நேர்ந்தது. அவர் தேசவழமையை எடுத்துச் சொன்னார். முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணோடு வந்தது சீதனம், மணவாழ்வில் இருவரும் இருக்கும்போது தேடியது தேடிய தேட்டம் என்று பிரித்துக் காட்டினார். பின்னர், "உங்களுடைய சட்டத்தில் தேடிய தேட்டத்திற்கு என்ன பெயர், மௌலவி?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. நமது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு தலைப்பு இல்லை.

ஆயினும் இது ஷரீஅத்தின் குறை என்று எவரும் எண்ணி விடக் கூடாது. நம்மைப் போன்றே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியாவில், தம்பதியர் சேர்ந்து தேடிய சொத்தைப் பிரிவின்போது பங்கிடும் அதிகாரம் ஷரீஅத் நீதிமன்றத்திற்கு உண்டு. 'ஹர்த்தா ஸெபென்சாரியான்' என்று அதனை அழைப்பார்கள். கூட்டாட்சிப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், 58ஆம் பிரிவில் இதனை விபரிக்கின்றது. பணமாகக் கொடுத்ததும், உழைப்பாகக் கொடுத்ததும் கவனிக்கப்படும். வீட்டைப் பராமரித்து, குடும்பத்தைக் கவனித்தவரின் பங்களிப்பும் கணக்கில் எடுக்கப்படும். மார்க்கத்தின் எல்லைக்குள் நின்றே நீதிக்கு வழி காண முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

நமது சட்டத்தில் அவ்வழி இல்லாத நிலையில் நாம் என்ன செய்வது? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறியதோ பெரியதோ, எழுதச் சோம்ப வேண்டாம் என்று அது போதிக்கின்றது. கணவனும் மனைவியும் இதற்கு விதிவிலக்கு என்று அங்கே கூறப்படவில்லை. எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைக்கின்றோம். உண்மையில், அன்பு இருக்கும்போது எழுதியதே கோபம் வரும்போது நம்மை அநியாயத்திலிருந்து காக்கின்றது.

பெற்றோர்களே! மகளின் மஹரைப் பெயருக்கு ஒரு தொகையாக வைக்காதீர்கள். மஹரையும், கைமாறிய பணம் ஏதும் இருந்தால் அதனையும் பதிவின்போதே எழுதச் சொல்லுங்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தை வேண்டவில்லை. ஆகவே வலீயாகிய தந்தை, எழுதப்பட்டதை மகளுக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடட்டும். நகைகளின் பட்டியலையும் பற்றுச்சீட்டுகளையும் அவளிடமே கொடுத்து வையுங்கள்.

இளைஞர்களே! மனைவியின் நகையை அடகு வைக்க நேர்ந்தால், அது கடனா அன்பளிப்பா என்று அவளிடம் கேளுங்கள். கடன் என்றால் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அவள் பணத்தில் வீடு எழும்பினால், நொத்தாரிசு முன்னிலையில் அவள் பெயரையும் உறுதியில் சேருங்கள். நமது பகுதியில் பலருடைய காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை வாய்ப்பேச்சினால் மாற்றிவிட முடியாது. கட்டுவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததைப் பிரியும்போது பிடுங்காதீர்கள். அன்பளிப்பைத் திரும்பப் பெறுபவனைத் தன் வாந்தியையே மீண்டும் உண்ணும் நாய்க்கு ஒப்பிட்டார்கள் நமது நபி (ஸல்) அவர்கள்.

பிள்ளைகளின் தாபரிப்பை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். "வீட்டைக் கேட்காதே, பிள்ளைகளுக்குப் பணம் தருகின்றேன்" என்று பேரம் பேசுவது, பிள்ளையின் சோற்றை விலை பேசுவதாகும். அது தந்தையின் தனிக் கடமை.

அந்தச் சகோதரியின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மஹரும் பிள்ளைகளுக்கான தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில் கிடைத்தன. நகைக்கு ஆதாரமாக, அவருடைய தாயின் அலுமாரியில் பழைய அடகுச் சீட்டு ஒன்று மட்டும் கிடைத்தது. இரு குடும்பத்தாரும் பள்ளிவாசலில் கூடினோம். மகன் மறுத்தான். அப்போது அவனுடைய உம்மாவே எழுந்து, "நான் கப்ருக்குப் போக வேண்டியவள். அந்தப் பிள்ளையின் காப்பில்தான் அத்திவாரம் வெட்டினோம்" என்றார். சபை அடங்கிப் போனது. நகைப் பெறுமதியில் ஒரு பகுதியை மாதாந்தம் கொடுப்பதாக மகன் ஒப்புக் கொண்டான். அது இன்னும் கொடுத்து முடியவில்லை. ஒரு தாயின் உண்மை கிடைத்திராவிட்டால் அதுவும் கிடைத்திராது.

அன்று முதல், நிகாஹ் சபையில் அமருமுன் இரு வீட்டாரிடமும் நகை எவ்வளவு, பணம் எவ்வளவு, காணி யார் பெயரில் என்று நான் கேட்டு விடுகின்றேன். சிலருக்கு முகம் சுருங்குகின்றது. சுருங்கட்டும். சபையில் ஒரு நாள் முகம் சுருங்குவது, ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் வாசல் வாசலாக அலைவதிலும் இலேசானது.

உங்களுக்கிடையே இருந்த நல்லுறவை மறந்து விடாதீர்கள் என்ற கருத்தோடுதான் அல்பகராவின் 237ஆம் வசனம் நிறைவை நெருங்குகின்றது. அது பிரிபவர்களுக்கான அறிவுரை. சேர்ந்திருக்கும்போதும் பிரியும்போதும் அடுத்தவர் உரிமையைக் கேட்காமலே கொடுக்கும் மனத்தை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.